வீட்டு ஓனரை எப்படிக் கூப்பிடுவீங்க? உங்கள் வாடகை அனுபவங்களைச் சொல்லுங்கள்

திருப்பூர், 15 வேலம்பாளையம்

தேனிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவள் நான். செக்கிங்கில் இருக்கிறேன். வந்த நாளிலிருந்து லைன் வீடுதான். 'வீட்டுக்காரர் வாடகை கேட்டார்' என்று ஊருக்குப் போன் பண்ணிச் சொன்னால் அம்மா என் புருஷனைத்தான் நினைப்பார். அதனால் இங்கே எல்லோரையும் போல ஓனர், ஓனரம்மா என்றே வாயில் வந்துவிட்டது.

எங்கள் ஓனரம்மா அதே காம்பவுண்டில் இருப்பவர். முதலில் அவரைக் கண்டாலே பயம். உப்புத் தண்ணி மோட்டார் எப்போது ஓட வேண்டும், துணியை எங்கே காயப்போட வேண்டும், ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் எத்தனை நாள் தங்கலாம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு வைத்திருப்பார். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டார்கள், கம்பெனியை மூடினார்கள். சனிக்கிழமை சம்பளம் வந்தால்தான் எங்களுக்கு அடுத்த வாரத்து அரிசி, பருப்பு. தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது என்று மத்திய உள்துறை மார்ச் 29 அன்று உத்தரவு போட்டதாம். அது ஓனரம்மாவுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அவராகவே வாசலுக்கு வந்து, "கம்பெனி தொறக்கட்டும் கண்ணு, வாடகையை அப்பறம் பாத்துக்கலாம். புள்ளைக்குப் பால் வாங்கறதை மட்டும் நிறுத்தீராதே" என்றார்.

அடுத்த தெருவில் ஒரு ஓனர், வாடகை வரவில்லை என்று தண்ணீர் மோட்டாரையே நிறுத்திவிட்டார். அங்கிருந்த ஒடிசாப் பையன்கள் குடத்தோடு எங்கள் லைனுக்கு வந்தார்கள். எங்கள் ஓனரம்மா ஒரு வார்த்தை பேசாமல் பிடித்துக்கொள்ள விட்டார். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா. அதற்கப்புறம் வாடகை ஏறத்தான் செய்தது. ஆனால் அவர் மேல் எனக்கு வந்த மரியாதை குறையவே இல்லை.

கோவை, சரவணம்பட்டி

எனக்கு நடந்தது வேறு. போனில் எல்லாம் பேசி முடித்து, அட்வான்ஸ் பணத்தோடு போனேன். காபி கொடுத்தார்கள். எந்த ஊர், அசைவம் சமைப்பீர்களா என்று விசாரித்தார்கள். கடைசியில் "நீங்க என்னங்க ஆளுங்க?" என்றார் அந்தப் பெரியவர். சொன்னேன். "நேத்தே ஒருத்தருக்குச் சொல்லிட்டமுங்க, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார். அடுத்த வாரமும் 'வாடகைக்கு' போர்டு அந்தக் கேட்டிலேயே தொங்கியது. கொங்கு மரியாதையைப் பற்றி நாம் நிறையப் பெருமை பேசுகிறோம். எனக்கு அந்த 'ங்க'தான் இன்னும் வலிக்கிறது.

கோபி, பத்திரம் எழுதுபவன்

மோட்டாரை நிறுத்தியதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைச் சட்டத்துக்குப் பதிலாக 2017-இல் புதுச் சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். வாடகைப் பாக்கி இருந்தாலும் தண்ணீர், மின்சாரம் போன்றவற்றை நிறுத்த அதில் இடமில்லை. துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. காலி செய்தால், பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மீதியை ஒரு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். இவ்வளவும் இருக்கிறது. ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அக்ரிமெண்டைப் படிக்காமலேயே கையெழுத்துப் போடுகிறார்கள். தயவுசெய்து படியுங்கள்.

பொள்ளாச்சிப் பக்கம்

வீடு மட்டும்தானா, தோட்டத்தைப் பற்றியும் சொல்லலாமா? எங்கள் அப்பாவும் ஆத்தாவும் பண்ணையத்தில் வேலை செய்தவர்கள். நிலத்துக்காரரைப் 'பண்ணாடி' என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் என்னைவிடச் சின்னப் பையனாக இருந்தாலும் பண்ணாடிதான். வாசல் தாண்டி உள்ளே போனதாக ஆத்தாவுக்கு நினைவே இல்லை.

நான் தேங்காய் வியாபாரத்துக்கு வந்தபின், அதே குடும்பத்துத் தென்னந்தோப்பைக் குத்தகைக்குக் கேட்டுப் போனேன். அப்பாவும் கூட வந்தார். "அண்ணா, வருஷத்துக்கு என்ன எதிர்பாக்கறீங்க?" என்று கேட்டேன். அப்பா என் கையை அழுத்தினார். அந்த மனிதர் ஒரு கணம் அப்பாவைப் பார்த்தார், அப்புறம் "உள்ள வந்து உக்காந்து பேசலாம், வாங்க" என்றார். நான் உட்கார்ந்தேன். அப்பா கடைசி வரை நின்றுகொண்டே இருந்தார். விலை படிந்தது, தோப்பு இன்னும் என் குத்தகையில்தான் இருக்கிறது. வெட்டு அன்று அவரும் வந்து காய் எண்ணிக்கையைப் பார்ப்பார், டீ குடித்துக்கொண்டு கொப்பரை விலை பேசுவோம். ஆனால் அப்பா இப்போதும் 'பண்ணாடி' என்கிறார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து எடுக்க என்னால் முடியவில்லை என்பதுதான் எனக்கு மிகப்பெரிய வருத்தம்.

ஈரோடு

ஓனர் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓனர் என்றாலே பெரிய பணக்காரர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் கணவர் போனபின் எனக்கு இருப்பது மாடியில் இரண்டு போர்ஷன்தான். அந்த வாடகையில்தான் மருந்தும், வீட்டு வரியும், பேங்க் தவணையும். முன்பிருந்த ஒரு குடும்பம் ஆறு மாத வாடகையைத் தராமல் ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்துவிட்டது. அட்வான்ஸில் கழித்தும் பாதிதான் ஈடானது. யாரிடம் போய்ச் சண்டை போட?

இப்போது இருப்பவர்கள் பவானி ஜமக்காள நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகள், என்னை 'அம்மா' என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மாதம் 5-ஆம் தேதி வாடகை வாங்கியதும் ரசீது எழுதிக் கொடுத்துவிடுகிறேன். திருப்பூர்க்காரங்க, உங்கள் அக்காவிடமும் ஒரு ரசீது புத்தகம் வாங்கி வைக்கச் சொல்லுங்க கண்ணு.