பாட்டிக்கு ஆபரேஷனா, சின்சேயா?

ராணி சித்தி: அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்ததற்கு எடுத்த எக்ஸ்ரே வந்துவிட்டது. முறிவுதான். வலது கால் குட்டையாகத் தெரிகிறது, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது. பார்க்கவே முடியவில்லை

மணி மாமா: இடுப்பா காலா? தெளிவாகச் சொல்

ராணி சித்தி: தெரியவில்லை அண்ணே. ஆபரேஷன் செய்யணுமாம்

மணி மாமா: இந்த வயதில் கத்தியா? ஆயர் ஈத்தாமில் எலும்புக்குக் கட்டுப்போடும் சீன வைத்தியர், அந்தச் சின்சேயைக் கேட்கிறேன். பந்து விளையாடி என் மணிக்கட்டு உடைந்தபோது அவர்தானே கட்டினார்

குமார்: வந்துகொண்டிருக்கிறேன், வழியில் தாப்பாவில் காரை நிறுத்தியிருக்கிறேன். பாட்டி பேசுகிறாரா?

ராணி சித்தி: பேசுகிறார். தேத்தண்ணி கேட்டுத் திட்டுகிறார்

தேவி: மாமா, சின்சே வேண்டவே வேண்டாம். சித்தி அனுப்பிய படத்தைப் பார்த்தேன். உடைந்தது தொடை எலும்பின் கழுத்து, அதாவது மேல்முனைக்குக் கீழே ஒடுங்கும் பகுதி. உடம்பிலுள்ள 206 எலும்புகளில் தொடை எலும்புதான் நீளமானது. அதன் மேல்முனையில் உருண்டையான தலை இடுப்பெலும்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும், அதனால்தான் காலை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிறது. அந்தத் தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் பெரும்பாலானவை கழுத்தை ஒட்டித்தான் ஏறுகின்றன. கழுத்து உடைந்து விலகினால் அவையும் அறுந்துபோகலாம், அப்புறம் வெளியே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் ஒட்டுவது கஷ்டம். உங்கள் மணிக்கட்டு வேறு. அங்கே எலும்பு தோலுக்கு அடியிலேயே கைக்கு அகப்படும், ரத்த ஓட்டமும் நன்றாக இருக்கும்

லதா அத்தை: முருகா

ராணி சித்தி: கால் ஏன் குட்டையாச்சு?

தேவி: தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும் சித்தி, தள்ளத் தெரியாது. இடுப்பிலிருந்து தொடைக்கு வரும் பெரிய தசைகள் எலும்பை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். எலும்பு முழுசாக இருக்கும்வரை தாங்கும், உடைந்தால் கீழ்த்துண்டு மேலே ஏறி வெளிப்பக்கம் திரும்பிவிடும். அந்தக் காலை யாரும் இழுக்கக் கூடாது, எண்ணெய் தேய்க்கக் கூடாது

ராணி சித்தி: பாத்ரூமுக்கு அந்த வழவழ டைல்ஸ் வேண்டாம் என்று அப்போதே தலைபாடாய் அடித்துக்கொண்டேன்

மணி மாமா: டைல்ஸ் பேச்சு இப்போது எதற்கு. காசு கொடுத்தவன் நான்

லதா அத்தை: தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் பாட்டி பால்குடம் நேர்ந்திருக்கிறார்களே. 513 படி

குமார்: நான் எடுக்கிறேன் அத்தை

லதா அத்தை: போன தைப்பூசத்துக்கும் இதையேதான் சொன்னாய்

மணி மாமா: ஆபரேஷன் இல்லாமல் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டால்?

தேவி: அதுதான் எனக்குப் பயம் மாமா. படுத்தே கிடந்தால் தசை சீக்கிரம் வற்றிவிடும், சளி நெஞ்சில் கட்டி நிமோனியா வரும், காலில் ரத்தம் உறையும், முதுகில் புண் வரும். ஆபரேஷனில் உடைந்த தலையை எடுத்துவிட்டு உலோகத் தலை வைப்பார்கள், குழியை அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. பெரும்பாலும் மறுநாளே எழுந்து நிற்க வைத்துவிடுவார்கள். சித்தி, இப்போதைக்கு பாட்டியைப் பாதத்தை மட்டும் மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள், உடைந்த பக்கம் வலித்தால் நல்ல காலை மட்டும். கெண்டைக்கால் தசை சுருங்கினால்தான் ரத்தம் மேலே ஏறும்

மணி மாமா: மயக்க மருந்தை இதயம் தாங்குமா?

தேவி: முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்யலாம். மயக்க மருந்து டாக்டர் இதயத்தைப் பார்த்துச் சொல்வார், அவரிடம் கேளுங்கள். பாட்டிக்கு நினைவு தெளிவாகத்தானே இருக்கிறது, அவரை யாராவது கேட்டீர்களா?

ராணி சித்தி: கேட்டேன். நடக்க முடியும் என்றால் வெட்டச் சொல் என்றார்

மணி மாமா: அம்மா அப்படித்தான் சொல்லும். நான் ஆறு மணிக்கு வருகிறேன், அதுவரை யாரும் கையெழுத்துப் போடாதீர்கள்

தேவி: வாங்க மாமா, ஆனால் நாளை மறுநாள் என்று இழுக்காதீர்கள். தள்ளத் தள்ள ஆபத்துதான்

ராணி சித்தி: ராத்திரி யார் இருப்பது? எனக்குக் காலை ஷிப்ட்

குமார்: நான் இருக்கிறேன். பெண்கள் வார்டில் விடுவார்களா?

ராணி சித்தி: நர்ஸைக் கேட்கிறேன். லதா அண்ணி, அம்மாவின் பல்செட் சமையலறை ஜன்னலில் இருக்கிறது, எடுத்து வாங்க

லதா அத்தை: பச்சை மூடியா?

மணி மாமா: எந்த வார்டு?