லித்தியமும் மூட்டுவலி மாத்திரையும்: அம்மாவுக்கு நடந்தது

மூத்தமகள்:
அம்மாவுக்கு 71 வயது. மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் இருமுனைக் கோளாறுக்காக இருபது வருடமாக லித்தியம், தொந்தரவே இல்லை. மூட்டுவலிக்கு வேறொரு டாக்டர் டைக்ளோஃபெனாக் எழுதினார். வேறென்ன மாத்திரை என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பத்து நாளில் கை நடுக்கம், தள்ளாட்டம். வயசாயிடுச்சு இல்லையா என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். நானும்தான்.

அம்மா ஆசிரியையாக இருந்தவர். எழுத்து முத்து முத்தாக இருக்கும். அன்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன். பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போனது. என்னை நிமிர்ந்து பார்த்து, "என் கையெழுத்து எங்கடி போச்சு?" என்றார். நாக்கு குழறியது. ரத்தத்தில் லித்தியம் 1.9. அவர் வயதுக்கு 0.4 முதல் 0.8 வரை போதுமாம். இரண்டு மாத்திரையையும் நிறுத்தி, ஆஸ்பத்திரியில் வைத்துச் சரி செய்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். அந்தக் கேள்விதான் என்னை விடமாட்டேன் என்கிறது.

கடைக்குட்டி:
இதற்காகத்தான் அப்பாவுக்கு லித்தியமே வேண்டாம் என்றோம். அதே வியாதிக்கு அவருக்கு வால்ப்ரோயேட், இரவில் க்யூட்டியாபின். ஒரு நாள் விடிகாலை மூன்று மணிக்குத் தொம்மென்று சத்தம். குளியலறைக் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "எழுந்தேன், கால் வந்துச்சு, தலை வரல" என்றார். படுத்திருக்கும்போது பார்த்த ரத்த அழுத்தம், நின்றதும் 30 குறைந்தது. அதுவரை யாரும் நிற்க வைத்துப் பார்த்ததே இல்லை. டோஸைக் குறைத்த பிறகு விழவில்லை. என்னைக் கேட்டால் வயதானவர்களுக்கு லித்தியம் விஷம்தான்.

மருமகன்:
கடைக்குட்டி, அப்படிச் சொல்லாதீர்கள். இதே பேச்சைக் கேட்டுத்தான் 74 வயது மாமா லித்தியத்தை ஒரே நாளில் நிறுத்தினார். மூன்றாவது வாரம் தூக்கம் போனது. நான் போனபோது சுவரில் இருந்த படங்களையெல்லாம் கழற்றி, ஒவ்வொன்றின் பின்னாலும் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று பெயர் எழுதிக்கொண்டிருந்தார். மாமியின் கல்யாணப் படத்திலும் யாரோ ஒருவர் பெயர். திடீரென்று நிறுத்தினால் மேனியா, அதாவது இந்த வியாதியின் அதீத உற்சாக நிலை, வேகமாகத் திரும்பும். 60 வயதைத் தாண்டியவர்களிடம் லித்தியத்தையும் வால்ப்ரோயேட்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2017இல் வந்தது. மேனியாவை இரண்டுமே குறைத்தன, லித்தியம் கொஞ்சம் கூடுதலாக. அப்புறம், உங்கள் அப்பா விழுந்தது பெரும்பாலும் க்யூட்டியாபினால்தான். அதற்காக அதை யாரும் விஷம் என்பதில்லையே.

இரவுப்பணி செவிலியர்:
என் வார்டில் ஒரு பாட்டி. காலை மாத்திரையைப் போட்ட கையோடு ரத்தம் கொடுத்துவிட்டார். அளவு அதிகமாகத் தெரிந்தது, டோஸைக் குறைத்தார்கள், அடுத்த மாதம் மேனியாவோடு வந்தார். என் கதை அவ்வளவுதான். ஆனால் இதையெல்லாம் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கடைசி டோஸிலிருந்து 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். லித்தியம் வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. வயதானால் அது மெதுவாகும், அதனால் பழைய டோஸே அதிகமாகிவிடும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள், 'பிரில்', 'சார்ட்டன்' என்று முடியும் பிரஷர் மாத்திரைகள், தயசைடு வகை நீர் மாத்திரைகள் எல்லாமே அளவை ஏற்றும். வலிக்குப் பாராசிட்டமால் பெரும்பாலும் பரவாயில்லை, அதையும் கேட்டுவிட்டே கொடுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் அடுத்த டோஸுக்கு முன் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். உப்பைத் திடீரென்று குறைக்காதீர்கள். லித்தியம் அளவோடு கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும்), தைராய்டு, கால்சியமும் பார்க்க வேண்டும். கால்சியத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வால்ப்ரோயேட்டோடு, இதே வியாதிக்குக் கொடுக்கும் லாமோட்ரிஜினைச் சேர்த்தால் லாமோட்ரிஜின் டோஸை இன்னும் மெதுவாக ஏற்ற வேண்டும். தோலில் தடிப்பு வந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.

அறுபத்தெட்டு:
நீங்கள் எல்லோரும் பெற்றோரைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் அந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவன். போன முறை டாக்டர் என் தலைக்கு மேலாக மகனைப் பார்த்து, "தூங்குகிறாரா?" என்று கேட்டார். நான் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். கை நடுங்குவது முதலில் எனக்குத்தான் தெரியும். எங்களைக் கேளுங்கள்.

மூத்தமகள்:
ஐயா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் கவனிப்பதற்கு நாலு நாள் முன்பே சட்டைப் பொத்தான் போட முடியவில்லையாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "வியாதி திரும்பிடுச்சுன்னு நினைச்சுடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு" என்றார்.