விசாரணை நடத்தாமலேயே ‘நம்பிக்கை இழப்பு’ என்று பணிநீக்கம்: மேல்முறையீடா, தொழிலாளர் நீதிமன்றமா?

கிடங்குக் கணக்கர், கோவை
24-09-2024

அனைவருக்கும் வணக்கம். தொழிலாளர் சட்டம் அறிந்தவர்களின் ஆலோசனையை நாடி இதை எழுதுகிறேன். கோவையில் ஒரு ஜவுளிக் கடையில் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தேன். சேரும்போது பில்லிங் உதவியாளர். 2021 முதல் என் பதவி ‘ஸ்டோர் சூப்பர்வைசர்’ என்று கடிதம் கொடுத்தார்கள். கடைசியாக வாங்கிய மொத்தச் சம்பளம் 22,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,300 ரூபாய்.

ஆடித் தள்ளுபடி விற்பனை முடிந்து கணக்குத் தணிக்கை செய்தபோது, பட்டுச் சேலைப் பிரிவில் 1,86,000 ரூபாய்க்கான சரக்கு ‘ரிட்டர்ன்’ என்று பில் போடப்பட்டு, வாடிக்கையாளருக்குப் பணமும் கொடுத்ததாகக் காட்டப்பட்டிருக்கிறது என்றும், ஆனால் சேலைகள் கிடங்குக்குத் திரும்பி வரவில்லை என்றும் சொன்னார்கள். அந்தப் பதினோரு பில்களும் என் லாகினில் பதிவாகியுள்ளன. அந்த லாகினையும் கடவுச்சொல்லையும் பிரிவில் உள்ள அனைவரும் பயன்படுத்துவதுதான் வழக்கம். கூட்ட நேரத்தில் ஆளாளுக்குத் தனித்தனியாக உள்ளே போய் வெளியே வர முடியாது என்று சொல்லி மேலாளரே அதைப் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியிருக்கிறார். அதைவிட முக்கியமாக, நான்கு பில்கள் இரவு 9.40க்கும் 9.55க்கும் இடையில் போடப்பட்டவை. அந்த நாட்களில் நான் 8.30க்கு ஷிப்ட் முடித்துக் கைரேகை வைத்து வெளியேறியது வருகைப் பதிவில் இருக்கிறது.

விளக்கம் கேட்டு வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் அனுப்பினார்கள். மேற்கண்ட இரண்டையும் குறிப்பிட்டு மின்னஞ்சலில் பதில் கொடுத்தேன். அதன்பிறகு மனிதவளப் பிரிவின் அறைக்கு அழைத்து, ராஜினாமாக் கடிதத்தைத் தட்டச்சு செய்து முன்னால் வைத்து, கையெழுத்துப் போட்டால் போலீசுக்குப் போக மாட்டோம் என்றார்கள். நான் போடவில்லை. செப்டம்பர் 9 அன்று, நிர்வாகம் என்மீது வைத்திருந்த நம்பிக்கையை இழந்துவிட்டதால் உடனடியாகப் பணியிலிருந்து நீக்கப்படுகிறேன் என்ற கடிதம் என் கையில் கொடுக்கப்பட்டது. சாட்சி, குறுக்கு விசாரணை, விசாரணை அதிகாரி என்று எதுவுமே நடக்கவில்லை. ஆகஸ்ட் மாதச் சம்பளத்தையும் பணிக்கொடையையும் ‘இழப்பில் சரிசெய்துகொண்டோம்’ என்றும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள்.

நான் எங்கே முறையிட வேண்டும்? ‘சூப்பர்வைசர்’ என்பதால் தொழிலாளர் நீதிமன்றம் என் வழக்கை ஏற்காது என்று ஒருவர் சொல்கிறார். இன்னொருவர், முதலில் அவதூறு வழக்குப் போடு என்கிறார். குழப்பமாக இருக்கிறது.

---

தொழிலாளர் வழக்கறிஞர், மதுரை
24-09-2024

ஐயா, அவதூறு வழக்கை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அதில் வென்றாலும் வேலை திரும்பக் கிடைக்காது. அதற்குச் செலவிடும் நேரத்தில் உண்மையான பரிகாரத்துக்கான காலக்கெடு கடந்துவிடும். உங்கள் முன்னால் இருப்பவை இரண்டு வழிகள். அவற்றில் ஒன்றுக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது என்பதால் அதை முதலில் சொல்கிறேன்.

ஜவுளிக் கடை, 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்கு உட்பட்டது. அதன் 41ஆவது பிரிவின்படி, தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. முன்னறிவிப்பு தேவையில்லை என்றால், அது ஒழுங்கீனக் குற்றச்சாட்டாக இருக்க வேண்டும். அதற்கென நடத்தப்பட்ட விசாரணையில் திருப்தியான சாட்சியம் பதிவாகியிருக்கவும் வேண்டும். உங்கள் கடிதம் ‘நம்பிக்கை இழப்பு’ என்ற சொல்லுக்குள் திருட்டுக் குற்றச்சாட்டை ஒளித்துவைத்திருக்கிறது. விசாரணை நடத்தவும் இல்லை, மாதச் சம்பளம் கொடுக்கவும் இல்லை. இந்த உத்தரவை எதிர்த்துத் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம், உத்தரவு கிடைத்த 30 நாட்களுக்குள் மனு கொடுக்க வேண்டும். தாமதத்தை மன்னிக்கக் கோரலாம் என்றாலும், நல்ல வழக்கை அப்படித் தொடங்குவது விவேகமல்ல. அக்டோபர் 9 என்ற தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இரண்டாவது வழி, 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம். (2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு 2024 செப்டம்பர் நிலவரப்படி நடைமுறைக்கு வரவில்லை, ஆகவே உங்கள் பணிநீக்கத்துக்குப் பழைய சட்டம்தான் பொருந்தும்.) இதன் 2ஏ பிரிவின்படி சங்கத்தின் ஆதரவு இல்லாமலேயே தனி ஆள் தகராறு எழுப்பலாம். சமரச அதிகாரியிடம் மனு கொடுத்து 45 நாட்களில் தீர்வு வராவிட்டால், நீங்களே நேரடியாகத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம். பணிநீக்கத் தேதியிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை அதற்கு அவகாசம் உண்டு. ஆனால் இந்தச் சட்டம் ‘தொழிலாளி’ என்பவருக்கு மட்டுமே. மேற்பார்வைப் பணியில் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் அந்த வரையறைக்கு வெளியே போய்விடுவார். உங்கள் நண்பர் சொன்னது இதைத்தான். ஆனால் பாதி மட்டுமே சொல்லியிருக்கிறார். பதவிப் பெயரைப் பார்த்து நீதிமன்றம் முடிவெடுப்பதில்லை. அன்றாடம் பிரதானமாக என்ன வேலை செய்தீர்கள் என்பதையே பார்க்கும். சரக்கை எண்ணுவது, பார்கோடு ஒட்டுவது, பில் பதிவது ஆகியவைதான் உங்கள் வேலை என்றால், யாருக்கும் விடுப்பு அனுமதிக்கவோ, மெமோ கொடுக்கவோ, ஆளை எடுக்கவோ அதிகாரம் இல்லை என்றால், நீங்கள் தொழிலாளிதான். அதை நிரூபிக்கும் சுமை மட்டும் உங்களுடையது.

கடைகள் சட்டத்தில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்குத்தான் விலக்கு; வெறும் சூப்பர்வைசருக்கு இல்லை. எனவே உங்களைப் போல எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு 41ஆவது பிரிவு மேல்முறையீடே பாதுகாப்பானது என்பது என் கருத்து. இரண்டையும் ஒருசேர நடத்த முற்பட்டால் எதிர்த்தரப்பு அதையே முதல் ஆட்சேபமாக எழுப்பும், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

---

ஓய்வுபெற்ற மனிதவள அலுவலர்
25-09-2024

வழக்கறிஞர் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் நிறுவனத்தின் பக்கம் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. ‘விசாரணையே நடத்தவில்லை, ஆகவே வெற்றி நிச்சயம்’ என்று எண்ணிவிட வேண்டாம். உச்ச நீதிமன்றம் 1973ஆம் ஆண்டு ஃபயர்ஸ்டோன் டயர் வழக்கில், உள்விசாரணை குறைபாடாக இருந்தாலும், நடக்கவே இல்லை என்றாலும், நிர்வாகம் முதல்முறையாகத் தொழிலாளர் நீதிமன்றத்திலேயே சாட்சியம் அளித்துக் குற்றத்தை நிரூபிக்கலாம் என்று கூறியது. மேல்முறையீட்டு அதிகாரியின் முன்பும் அதே வாய்ப்பைக் கேட்பார்கள். எந்த நல்ல ஆலோசகரும் நிர்வாகத்துக்குச் சொல்லும் முதல் யோசனை இதுதான். ஆகவே நடைமுறைக் குறையை வாதத்தின் தொடக்கமாக வையுங்கள். அதை மட்டுமே நம்பியிருக்காதீர்கள்.

உங்கள் உண்மையான பலம் அந்த நான்கு பில்கள். அங்கே அவர்கள் சொல்லக்கூடிய பதில் ஒன்றே ஒன்றுதான்: கைரேகை வைத்துவிட்டு ஊழியர் மறுபடி உள்ளே வந்தார் என்பார்கள். அதைச் சொல்ல வேண்டுமானால் கேமரா பதிவைக் காட்டியாக வேண்டும். கேமரா பதிவுகள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே அழிந்துவிடும். எனவே குறிப்பிட்ட தேதிகள், மணி, கவுன்டர் எண் ஆகியவற்றைச் சொல்லி, அந்தப் பதிவையும் பில்லிங் மென்பொருளின் பதிவேட்டையும் எந்தக் கணினியிலிருந்து பில் போடப்பட்டது என்ற விவரத்தையும் பாதுகாத்து வைக்கும்படி இன்றே ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். அவர்கள் தராவிட்டாலும், கேட்டும் தரவில்லை என்பதே பின்னால் உங்களுக்குச் சாதகமாகப் பேசும்.

போலீஸ் மிரட்டல் பற்றி: ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடி பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 316ஆவது பிரிவில் வருகிறது, அதை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் உண்மையிலேயே புகார் கொடுக்கும் எண்ணமுள்ள நிறுவனம் ராஜினாமாக் கடிதத்தைத் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. ஒருவேளை காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால் எழுத்துப்பூர்வமான நோட்டீஸைக் கேட்டு வாங்குங்கள். அங்கே உட்கார்ந்து ‘இழப்பைக் கட்டிவிடுகிறேன்’ என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

---

சங்கச் செயலாளர், திருப்பூர்
25-09-2024

நண்பரே, சட்டம் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். கைவேலை கொஞ்சம் நான் சொல்கிறேன். வாட்ஸ்அப் குழுவிலிருந்து உங்களை இந்நேரம் நீக்கியிருப்பார்கள். நீக்கினாலும் பழைய செய்திகள் உங்கள் போனில் இருக்கும். அந்தப் போனை ரீசெட் செய்யாதீர்கள், மாற்றாதீர்கள், விற்காதீர்கள். மேலாளர் கடவுச்சொல் அனுப்பிய செய்தி வெறும் ஸ்கிரீன்ஷாட்டாக இருந்தால் போலி என்று சொல்வார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவு மின்னணு ஆவணங்களுக்குக் கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்தால் அந்த ஆட்சேபம் எடுபடாது.

உடன் வேலை பார்த்தவர்கள் வந்து சாட்சி சொல்வார்கள் என்று நம்பித் திட்டமிட வேண்டாம். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது, தீபாவளி போனஸ் வரவிருக்கிறது. ஏற்கெனவே வேலையை விட்டுப் போனவர்களில் யாராவது அதே லாகினைப் பயன்படுத்தியவர் இருந்தால் அவரைத் தேடுங்கள்.

இரண்டாவது வழியை நீங்கள் எடுத்தால், சமரசப் பேச்சுவார்த்தையில் வழக்கறிஞர் ஆஜராக முடியாது. தொழிலாளர் நீதிமன்றத்திலும் எதிர்த்தரப்பின் சம்மதமும் நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும். சமரசத்தின்போது நிர்வாகத்தின் சார்பில் வருபவர் பெரும்பாலும் ஒரே பதிலை எழுதிக் கொடுத்துவிட்டு வாய்தா வாங்குவார். சலித்துப்போய் வராமல் இருந்துவிடாதீர்கள். வழக்கறிஞர் கட்டணம் பாரமாக இருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவிடம் போங்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவில் தொழிலாளிக்கு இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

---

கிடங்குக் கணக்கர், கோவை
26-09-2024

மூவருக்கும் மிக்க நன்றி. கேமரா பதிவு பற்றிய கடிதத்தை நேற்றே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். எனக்கு விடுப்புக் கொடுக்கும் அதிகாரம் ஒருநாளும் இருந்ததில்லை. என் விடுப்பையே தளப் பொறுப்பாளர்தான் எழுதித் தருவார். எனவே 41ஆவது பிரிவு மேல்முறையீட்டுக்கே போவதாக முடிவு செய்திருக்கிறேன்.

இதற்கிடையில் இன்று காலை மனிதவளப் பிரிவிலிருந்து தொலைபேசியில் அழைத்து, ‘மனிதாபிமான அடிப்படையில்’ 30,000 ரூபாய்க்குக் காசோலை தயாராக இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அதோடு ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். வீட்டு வாடகைக்கும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் இந்தப் பணம் தேவைதான். வாங்கலாமா? வேறு வேலைக்குச் சேர்ந்தால் வழக்கு பலவீனமாகுமா?

---

தொழிலாளர் வழக்கறிஞர், மதுரை
26-09-2024

அந்தக் கடிதத்தைப் படிக்காமலேயே அதில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியும்: ‘எனக்குச் சேர வேண்டிய அனைத்தையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’. அதில் கையெழுத்துப் போட்டால், கட்டாயத்தின்பேரில் போட்டேன் என்று பின்னர் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். காசோலையை வாங்குவதில் தவறில்லை. ‘என் உரிமைகளுக்குப் பாதகமின்றி, ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டு அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி எழுத விடமாட்டோம் என்றால் காசோலையை விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அவர்கள் தருவதாகச் சொல்லும் தொகையையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 14,300 ரூபாயை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஏழு ஆண்டுகளால் பெருக்கினால் பணிக்கொடை மட்டும் 57,750 ரூபாய் வருகிறது. ஆகஸ்ட் சம்பளமும் செப்டம்பரில் வேலை பார்த்த நாட்களின் சம்பளமும் தனி. மனிதாபிமானம் என்று சொல்லி உங்கள் பணத்திலேயே பாதிகூடத் தராமல் முடிக்கப் பார்க்கிறார்கள். 2024இல் நடைமுறையில் உள்ள 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தின் 4(6) பிரிவு, ஊழியரால் நேர்ந்த சேதத்தின் அளவுக்குப் பணிக்கொடையைப் பறிமுதல் செய்ய இடம் தருகிறது என்பது உண்மைதான். ஆனால் சேதம் உங்களால் ஏற்பட்டது என்பதை, உங்கள் தரப்பைக் கேட்ட பிறகு முடிவு செய்திருக்க வேண்டும். பணிநீக்கக் கடிதத்தின் கடைசி வரியில் ‘சரிசெய்துகொண்டோம்’ என்று எழுதுவது அப்படிப்பட்ட முடிவு ஆகாது. இதற்காக அச்சட்டத்தின்கீழ் உள்ள கட்டுப்பாட்டு அதிகாரியிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மேல்முறையீட்டு மனுவில் இதைக் கலக்காதீர்கள். வருங்கால வைப்புநிதியில் நிர்வாகம் கைவைக்க முடியாது. 2024இல் உள்ள விதிப்படி, வேலையின்றி ஒரு மாதம் ஆனதும் 75 சதவீதத்தை நீங்களே ஆன்லைனில் எடுக்கலாம். உடனடிச் செலவுக்கு அது உதவும்.

வேறு வேலைக்குத் தாராளமாகச் சேருங்கள். தீபாலி குண்டு சுர்வாசே வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், தவறான பணிநீக்கம் என்று தீர்மானமானால் மீண்டும் பணியும் இடைப்பட்ட காலத்துச் சம்பளமும் தருவதே பொதுவான விதி என்றது. ஆனால் அந்தக் காலத்தில் வருமானமுள்ள வேறு வேலை இல்லை என்பதை ஊழியர் முதலில் சொல்ல வேண்டும் என்றும் கூறியது. வேலைக்குப் போனால் அந்த வருமானம் கழிக்கப்படலாம். பணிநீக்கம் செல்லாது என்ற உங்கள் வாதத்துக்கு அதனால் கேடில்லை. மறைக்க மட்டும் செய்யாதீர்கள், எதிர்த்தரப்பு வைப்புநிதிப் பதிவை எடுத்துக் காட்டிவிடும். புதிய நிறுவனம் காரணம் கேட்டால், ‘பணிநீக்க உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு நிலுவையில் உள்ளது’ என்று மட்டும் சொல்லுங்கள்.

மனுவோடு நியமனக் கடிதம், 2021ஆம் ஆண்டுப் பதவி உயர்வுக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டுகள், வாட்ஸ்அப் நோட்டீஸ், உங்கள் மின்னஞ்சல் பதில், பணிநீக்கக் கடிதம், நேற்று அனுப்பிய கடிதத்தின் தபால் ரசீது ஆகியவற்றை இணையுங்கள். வரைவை எழுதி முடித்ததும் நிறுவனத்தின் பெயரையும் உங்கள் பெயரையும் மறைத்து இங்கே பதிவிட்டால் பார்த்துச் சொல்கிறேன்.