போதை: மூளையா, மனசா? உளவளத்துணையாளர்கள் நம் வீட்டாரிடம் சொன்னவை

நாவலடிக்காரன்

அண்ணனைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனபோது, உளவளத்துணையாளர் நல்லா ஏசி அனுப்புவார் என்றுதான் அம்மா எதிர்பார்த்தார். அவர் ஏசவில்லை. கிளினிக் கொப்பியின் பின்மட்டையில் பேனையால் ஒரு மண்டையைக் கீறி, நடுவில் புள்ளி வைத்தார். பழகிய ஆளுக்குக் குடித்த பிறகுதான் டோபமைன் என்ற, ஆசையைக் கிளப்பும் மூளை ரசாயனம் சுரக்கும் என்றில்லை, தவறணை போர்டைக் கண்டாலே, கூட்டாளியின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே கிளம்பிவிடும் என்றார். அம்மாவின் முகம் தெளிந்தது. "அப்ப என்ட புள்ளையில பிழையில்ல." அண்ணனும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவர் உடனே அண்ணன் பக்கம் திரும்பி, "தம்பி, வேலை முடிஞ்சு எந்த ரோட்டால வீட்ட வாறீங்க?" என்றார். தவறணை இருக்கும் ரோட்டால்தான். வேறு ரோடு இருக்கிறது, கொஞ்சம் சுற்று. "தலைக்குள்ள நடக்கிறதுக்கு உங்களைக் குறை சொல்லமாட்டன். நாளைக்கு எந்த ரோட்டால வாறதெண்டு நீங்கதான் சொல்லணும்."

இப்போது சுற்று ரோட்டால்தான் வருகிறார், கூலி கிடைக்கிற நாளைத் தவிர. அன்றைக்கு அண்ணி வேலைத்தலத்துக்கே போய்விடுவார்.

அக்கரைப்பற்று ராத்தா

என் தம்பி ஐஸ் என்ற போதைப்பொருள் பாவித்தவன். முதலில் பார்த்தவர் மூளைப் பேச்சே எடுக்கவில்லை. "உம்மா வாப்பாக்கு நீ என்ன செஞ்சாய் எண்டு யோசி" என்றார். அழுதான், தௌபாச் செய்தான், அந்தக் கிழமையே மறுபடி தொடங்கினான். வெட்கம் கூடக்கூட அவன் வீட்டுக்கு வருவதுதான் குறைந்தது.

அப்புறம் பார்த்தவர் வேறு மாதிரி. விட்ட பிறகு மாதக்கணக்கில் சோறும் ருசிக்காது, கிரிக்கெட்டும் பிடிக்காது, இது அவன் குணம் கெட்டுப்போனதால் இல்லை என்று விளக்கினார். நோரா வோல்கோ குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வையும் சொன்னார்: ஐஸின் ரசாயனமான மெத்தம்பெட்டமைனை விட்டு ஒரு வருடத்துக்கு மேல் விலகியிருந்தவர்களின் மூளையில், குறைந்துபோயிருந்த டோபமைன் கடத்திகள் (டோபமைனைத் திரும்ப உறிஞ்சும் புரதங்கள்) மறுபடி கூடியிருந்தன. தம்பி கேட்டது ஒன்றுதான்: "அப்ப இந்த வெறுமை போயிருமா?" மூளையைப் பற்றிப் பேசினால் சாக்குச் சொல்லப் பழகுவான் என்று பயந்தோம். அவன் அந்த ஆய்வைத்தான் பிடித்துக்கொண்டு மாதங்களை ஓட்டினான்.

களுவாஞ்சிகுடி

உங்கள் தம்பிக்குச் சரி. என் வீட்டுக்காரர் கிளினிக்கில் இருந்து கொண்டுவந்தது "மூளை வருத்தம்" என்ற சொல்லை மட்டும்தான். நான் வாய் திறந்தால், "நான் என்ன செய்ய, எனக்கு வருத்தம்". ஆனால் வருடாவருடம் உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போவார். காடு முழுக்க நடப்பார், ஒரு சொட்டுத் தொடமாட்டார். வந்து காவியைக் கழற்றிய கையோடு தவறணை. நடக்கும்போது அந்த வருத்தம் எங்கே போனது? துறையில் இருக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

திருக்கோவில் உளவளத்துணை

அக்கா, இது எங்கள் துறையின் பழைய சண்டை. அமெரிக்கத் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் பணிப்பாளராக இருந்த அலன் லெஷ்னர், போதை அடிமைத்தனம் மூளை நோய் என்று 1997இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். ஜீன் ஹேமன் போன்ற உளவியலாளர்கள் அதை மறுத்தார்கள். வியட்நாமில் ஹெரோயினுக்கு அடிமையாகி ஊர் திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் பின்தொடர்ந்து பார்த்தார். முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் 5 சதவீதம் அளவுதான். இடமும் கூட்டாளிகளும் மாறியிருந்தார்கள், தூளும் முன்புபோல் கைக்கெட்டவில்லை.

உங்கள் வீட்டுக்காரர் கதை அதற்குத் தலைகீழ். யாத்திரை முடிந்ததும் பழைய இடத்துக்கே திரும்பி வருகிறார். "அங்க ஏலும் எண்டா இங்கயும் ஏலும்தானே" என்று நான் அவரை மடக்கமாட்டேன். நடக்கும்போது யார் கூட இருந்தார்கள், காசு யார் கையில் இருந்தது, பொழுதுபட்டதும் என்ன செய்தார்கள் என்று கேட்பேன். அதில் எதை வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

பொதுவாக வீட்டாருக்குத்தான் மூளையை விளக்குவேன், ஏச்சும் அடியும் கொஞ்சம் குறையும். பாவிப்பவரிடம் அதிகம் பேசுவது அடுத்த சம்பள நாளைப் பற்றி. போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சை, புனர்வாழ்வு பற்றிய இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டப்படி கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறவரிடம் பொறுப்பைப் பற்றிப் பேசுவதுதான் பெரிய கஷ்டம். சிகிச்சைக்கு வருவது என்ற முடிவை எடுத்தது அவர் இல்லையே.

ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறலாம். உயிருக்கே ஆபத்து. அதற்கு மருந்து இருக்கிறது, தயமின் என்ற விட்டமின் பி1உம் கொடுப்பார்கள். காட்டுக்குள் வைத்து அப்படி ஆனால் யார் பார்ப்பது? அடுத்த யாத்திரைக்கு முன் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். எவ்வளவு குடிக்கிறார், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்பதை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். அவரிடம் கேட்டால் பாதிதான் சொல்வார்.