அக்ரா போகும் அம்மாவுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். தங்கை கானாவில், தலைநகர் அக்ராவுக்கு அருகே டெமா துறைமுகப் பக்கம் இருக்கிறாள். அவள் பிரசவத்துக்கு அம்மாவைச் சென்னையிலிருந்து அனுப்புகிறோம். விசா வேலை டெல்லி தூதரகத்தில் நடக்கிறது. அழைப்புக் கடிதம், போக வர டிக்கெட் எல்லாம் தயார்.

கவலை ஊசியில்தான். அக்ரா கொடோகா விமான நிலையத்தில் இறங்கியதும் மஞ்சள் அட்டையை (மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டதற்கான சான்று) கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகே அது செல்லும், அப்புறம் ஆயுள் முழுக்கப் போதும். ஆனால் அம்மாவுக்கு 67 வயது. 60-க்கு மேல் முதல்முறை போடுபவர்களுக்குப் பக்கவிளைவு அபாயம் கொஞ்சம் கூடுதல் என்பதால் டாக்டர் தயங்குகிறார், விலக்குச் சான்று தரலாம் என்கிறார். அங்கே கொசு உண்டு, நோயும் உண்டு; ஊசி இல்லாமல் அனுப்ப எனக்கு மனசில்லை.

வயதானவர்களைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போட வைத்தவர்கள் இருக்கிறீர்களா? போட்ட பிறகு உடம்பு எப்படி இருந்தது? விலக்குச் சான்றோடு போனவர்களைக் கொடோகாவில் விட்டார்களா? திரும்பும்போது நம் ஊர் விமான நிலையத்தில் 6 நாள் தனிமைப்படுத்தினார்களா? அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், தனியாகப் போகிறார். தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.