அம்மாவுடன் மூன்று இரவு: நகர நடுவில் அறையா, ரயில் பாதை ஓரமா?

தாமரைத்தண்டு:
வணக்கம். அடுத்த மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு ஒரு பெரிய நகரத்துக்குப் போகிறேன். மூன்று இரவு. அருங்காட்சியகம், பழைய கடைவீதி, ஆற்றங்கரை, ஒரு மாலை இசை நிகழ்ச்சி, இவ்வளவுதான் திட்டம். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. நடப்பார், ஆனால் மூட்டுவலி உண்டு. இரண்டு ஹோட்டல் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று நகரின் நட்டநடுவில், எல்லாம் நடக்கிற தூரம், அறை சின்னது. இன்னொன்று ரயிலில் முக்கால் மணி தள்ளி. புதுக் கட்டடம், பெரிய அறை, வாடகை ஏறக்குறைய பாதி. பணம் பெரிய தடை இல்லை, ஆனால் வீணாக்கவும் மனமில்லை. எதை எடுக்கலாம்?

மதியநிழல்:
யோசிக்கவே வேண்டாம், நடுவில் எடுங்கள்.

இந்தக் கணக்கைப் போடும்போது காலையில் போவது, ராத்திரி திரும்புவது என்று இரண்டு பயணத்தைத்தான் எல்லோரும் எண்ணுவார்கள். நாளுக்கு ஒன்றரை மணி நேரம், போனால் போகட்டும் என்று தோன்றும். கணக்கில் விட்டுப்போவது மதியம். அருங்காட்சியகத்திலிருந்து பன்னிரண்டு மணிக்கு வெளியே வரும்போது அம்மாவுக்குக் கால் கடுக்கும். அறை பக்கத்தில் இருந்தால் பத்து நிமிடத்தில் கட்டிலில் காலை நீட்டிவிடலாம். நம்முடைய பாத்ரூம், நம்முடைய மாத்திரை டப்பா, ஒரு குட்டித் தூக்கம். நாலரை மணிக்குப் புதிதாகக் கிளம்பலாம். தள்ளி அறை எடுத்தவர்கள் அந்த நேரத்தில் உட்கார ஒரு நாற்காலி தேடிக்கொண்டிருப்பார்கள். மாலை நிகழ்ச்சிக்குள் சோர்ந்துபோய் "போதும்மா, போயிடலாம்" என்ற பேச்சு வந்துவிடும். மூன்று நாள் பயணத்தில் மூன்று மாலைகளும் போய்விட்டால் மிச்சம் என்ன?

அப்புறம், முதல் நாளும் கடைசி நாளும். அறை கையில் கிடைப்பது பெரும்பாலும் மதியம் இரண்டு மூன்று மணிக்கு. காலி செய்ய வேண்டியது பதினொன்று பன்னிரண்டுக்குள். முன்னும் பின்னும் உள்ள நேரத்தில் பெட்டியை ரிசப்ஷனில் வைத்துவிட்டுச் சுற்றலாம். ஹோட்டல் நடுவில் இருந்தால் பெட்டி ஒரு பிரச்சினையே இல்லை. தள்ளி இருந்தால் பெட்டிக்காகவே தனியாக ஒரு முறை போய் வர வேண்டும்.

கடைசிநிறுத்தம்:
மதியத் தூக்கத்தைப் பற்றி இவ்வளவு எழுதியவர் ராத்திரித் தூக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, படுக்கையறைக்குள் தொடர்ச்சியான சத்தம் 30 டெசிபெலைத் தாண்டக் கூடாது. இடையிடையே வருகிற தனிச் சத்தம் 45-ஐத் தாண்டக் கூடாது. நாம் சாதாரணமாகப் பேசுவதே 60 பக்கம் வரும். போக்குவரத்து மிகுந்த தெரு 70-ஐத் தொடும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் வெளிச்சத்தம் ஏறக்குறைய 15 டெசிபெல்தான் குறையும் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. கழித்துப் பாருங்கள், 55 மிச்சம். ஜன்னலை இறுக மூடி, ஏசியைப் போட்டுக்கொண்டுதான் படுக்க முடியும். பழைய கட்டடத்தில் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் என்றால் மூடினாலும் முழுசாக நிற்காது.

இன்னொன்றும் உண்டு. புது இடத்தில் முதல் ராத்திரி சரியாகத் தூக்கம் வராது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா, அதை அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்தே பார்த்துவிட்டார்கள். 2016-இல் வந்த அந்த ஆய்வின்படி, முதல் இரவில் மூளையின் இடது பாதி வலது பாதி அளவுக்கு ஆழ்ந்து தூங்குவதில்லை. பழக்கமில்லாத சத்தம் கேட்டால் அது சட்டென்று எதிர்வினை காட்டுகிறது. மூன்று இரவில் ஒன்று இயல்பாகவே அப்படிப் போகும். அதை நகரத்திலேயே சத்தம் மிகுந்த தெருவில் கொண்டுபோய் வைப்பானேன்?

மேலும் நகரத்தின் "நடு" எது என்று யாராவது யோசித்தீர்களா? பல நகரங்களில் வரைபடத்தின் நடுவில் இருப்பது வங்கிகளும் அலுவலகங்களும். ஏழு மணிக்கு ஊழியர்கள் வீட்டுக்குப் போனதும் ஷட்டரெல்லாம் இறங்கிவிடும். ராத்திரி தண்ணீர் பாட்டில் வாங்கக்கூட நாலு தெரு நடக்க வேண்டியிருக்கும். குடித்தனங்கள் இருக்கிற பகுதியில் மருந்துக் கடை, பூங்கா, உட்காரப் பெஞ்சு எல்லாம் இருக்கும். எழுபது வயது அம்மாவுக்கு அதுதானே வசதி?

பைநிறைய:
என் கட்சி கடைசிநிறுத்தம். அறையில் இருப்பதே தூங்குகிற நேரம் மட்டும். பாதி வாடகை மிச்சமானால் இன்னும் இரண்டு நாள் கூடத் தங்கலாம். ரயிலில் முக்கால் மணி உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்தாலே ஊர் எப்படி வாழ்கிறது என்று தெரியும். சுற்றுலாத் தெருவிலேயே சுற்றிவிட்டு வருவதற்கு வீட்டிலேயே இருக்கலாம்.

மதியநிழல்:
பைநிறைய தம்பி, தனியாகப் போகிறவருக்கு நீங்கள் சொல்வது சரி. இவர் அம்மாவோடு போகிறார். அந்த முக்கால் மணியில் உட்கார இடம் கிடைக்கும் என்று யார் சொன்னது? ஊர் எப்படி வாழ்கிறது என்பதைக் காலை ஒன்பது மணிக் கூட்டத்தில் கம்பியைப் பிடித்து நின்றபடி பார்க்க அந்த அம்மாவால் முடியாது. இரண்டு நாள் கூடத் தங்குவது லீவு இருப்பவர்களுக்கு. பலருக்குப் பணத்தைவிட நாள்தான் பற்றாக்குறை.

கடைசிநிறுத்தம், முதல் இரவு ஆய்வு எந்த ஹோட்டலுக்கும் பொருந்துமே! தள்ளி இருக்கிற அறையும் மூளைக்குப் புது இடம்தான். அதிலிருந்து கிடைக்கிற பாடம், இடையில் ஹோட்டல் மாற்றாமல் மூன்று இரவும் ஒரே அறையில் இருங்கள் என்பதுதான். சத்தம் உண்மைப் பிரச்சினை, மறுக்கவில்லை. ஆனால் அது தெருவைப் பொறுத்ததைவிட அறையைப் பொறுத்தது. ஒரே கட்டடத்தில் முன்பக்கம் ஒரு மாதிரி, பின்பக்கம் ஒரு மாதிரி.

கடைசிநிறுத்தம்:
சரி, இப்படிக் கேட்கிறேன். நடுவில் தங்குவதுதான் வசதி என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? வசதி என்பது ஒரு காலத்தில் நகரத்துக்குள் மட்டும் கிடைத்தது. பாஸ்டனில் 1829-இல் திறந்த ட்ரெமான்ட் ஹவுஸ் ஹோட்டலில் கட்டடத்துக்குள்ளேயே கழிப்பறை, அறைக்குத் தனிப் பூட்டு என்பதே பெரிய செய்தி. 1908-இல் பஃபலோ நகரில் ஸ்டாட்லர் ஹோட்டல் எல்லா அறைக்கும் தனிக் குளியலறை கட்டியது. இன்று அதெல்லாம் எந்த ஓரத்தில் இருக்கிற ஹோட்டலிலும் உண்டு. 1952-இல் மெம்ஃபிஸில் முதல் ஹாலிடே இன்னை ஊர் நடுவிலா கட்டினார்கள்? ஊரை விட்டு வெளியே போகிற நெடுஞ்சாலை ஓரத்தில் கட்டினார்கள், கூட்டம் வந்தது. இவர் பார்த்து வைத்திருக்கிற இரண்டில் எது வசதி? பெரிய அறையும் புதுக் கட்டடமும் தள்ளி இருக்கிறது. நடுவில் இருப்பது முகவரி மட்டும்.

மதியநிழல்:
நல்ல உதாரணம் கொடுத்தீர்கள். நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டலுக்குக் கூட்டம் வந்தது, காரில் வருகிற குடும்பங்கள் பெருகியதால். அதற்கு முன்னால் ரயிலில் வந்தவர்களுக்காக ரயில் நிலையத்தை ஒட்டியே பெரிய ஹோட்டல்கள் எழுந்தன. லண்டன் செயின்ட் பாங்கிராஸ் நிலையத்தின் முகப்பே 1873-இல் திறந்த ஒரு ஹோட்டல்தான். ஆள் எப்படி வருகிறாரோ, எப்படி நகர்கிறாரோ, அதற்கேற்ற இடத்தில்தான் ஹோட்டல். கார் வைத்திருப்பவருக்கு நடுவில் தங்குவது தலைவலி. பார்க்கிங்குக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும், ஒருவழிப் பாதைகளில் சுற்ற வேண்டும். அவரை நானே வெளியில் தங்கச் சொல்வேன். தாமரைத்தண்டு அக்காவும் அம்மாவும் நடக்கிறார்கள். மூட்டுவலிக்காரருக்கு வசதி என்பது படிக்கட்டின் எண்ணிக்கை. அறைக்குள் நாலடி கூடுதல் இடம் இருந்து என்ன பயன், வழியில் நாலு படிக்கட்டு ஏறி இறங்க வேண்டியிருந்தால்?

இரவுப்பணி:
ஹோட்டல் ரிசப்ஷனில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவன் என்பதால் சில விஷயம் சொல்கிறேன்.

எந்த அறை யாருக்கு என்பது பெரும்பாலும் நீங்கள் வருகிற நாளன்றோ அதற்கு முந்தின நாளோதான் முடிவாகும். அதனால் புக் செய்யும்போது ஒரு தடவை, கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு தடவை, நேரடியாக ஹோட்டலுக்கே எழுதுங்கள். "அமைதியான அறை" என்று மட்டும் எழுதாதீர்கள். அது எல்லா புக்கிங்கிலும் இருக்கும், ஒதுக்குகிறவர் கண்ணில் படாது. "லிஃப்டிலிருந்து தள்ளி, தெருப்பக்கம் வேண்டாம், பக்கத்து அறைக்குப் போகிற இடைக்கதவு இல்லாத அறை" என்று எழுதுங்கள். அந்த இடைக்கதவு முக்கியம். இரண்டு அறையைச் சேர்த்துக் குடும்பங்களுக்குக் கொடுப்பதற்காக வைத்த கதவு. சுவர் தாங்குகிற சத்தத்தை அது தாங்காது. அடுத்த அறையில் இருமினால் கேட்கும்.

பின்பக்க அறை என்றாலே அமைதி என்றும் நம்பாதீர்கள். சரக்கு வண்டி வருவதும் குப்பை வண்டி வருவதும் பின்சந்தில்தான். விடியற்காலை ஐந்து மணிக்கு பாட்டில் தொட்டியைத் தூக்கிக் கவிழ்க்கிற சத்தத்துக்கு முழு மாடியும் எழுந்துகொள்ளும். முன்பக்கத் தெரு ராத்திரி ஒரு மணி வரை சத்தம், பின்சந்து ஐந்து மணியிலிருந்து சத்தம். அம்மா சீக்கிரம் படுத்துச் சீக்கிரம் எழுகிறவர் என்றால் பின்பக்கம்தான் சரி. உள்முற்றத்தைப் பார்த்த அறை இருந்தால் இரண்டையும்விட நல்லது, காட்சி மட்டும் இருக்காது. மாடியைப் பொறுத்தவரை நடுமாடி கேளுங்கள். உச்சி மாடிக்கு மேலே ஏசி எந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும், முதல் மாடிக்குக் கீழே சாப்பாட்டுக் கூடம் இருக்கும்.

வாடகைக்கும் ஒரு வார்த்தை. அலுவலக வேலையாக வருகிறவர்கள் தங்குகிற ஹோட்டலில் வெள்ளி, சனி இரவுகளில் வாடகை இறங்கும், சுற்றுலாக்காரர்கள் நிறைகிற ஹோட்டலில் அதே இரவுகளில் ஏறும். வரி, கட்டாயக் கட்டணம் எல்லாம் சேர்ந்த கடைசித் தொகையை வைத்து ஒப்பிடுங்கள். அமெரிக்காவில் 2025 மே மாதத்திலிருந்து கட்டாயக் கட்டணங்களை விலையோடு சேர்த்தே காட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை.

கடைசிநிறுத்தம்:
இரவுப்பணி சொன்னதைப் படியுங்கள். நடுவில் நிம்மதியாகத் தூங்க வேண்டுமென்றால் இத்தனை நிபந்தனை, இரண்டு தடவை கடிதம், அதற்கு மேல் அதிர்ஷ்டம். அமைதியான பகுதியில் இதில் முக்கால்வாசி தேவைப்படாது. என் நிலை மாறவில்லை.

ஆனால் இந்த முக்கால் மணி ஹோட்டலை நான் ஆதரிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நடுவா ஓரமா என்று பார்க்காதீர்கள், அறைக் கதவிலிருந்து முதல் இடத்தின் வாசல் வரை எத்தனை நிமிடம் என்று பாருங்கள். வண்டி மாற வேண்டாத நேர்ப்பாதையில், நாலைந்து நிறுத்தம் தள்ளி, நிலையத்தை ஒட்டி ஒரு ஹோட்டல் தேடுங்கள். பதினைந்து நிமிடத்தில் போய்விடலாம், மதியமும் திரும்பலாம், ராத்திரியும் தூங்கலாம். இந்த மூன்றாவது வகையைத்தான் நான் எப்போதும் எடுப்பேன்.

மதியநிழல்:
நாலைந்து நிறுத்தம் என்றால் எனக்கும் பாதி சம்மதம். ஒரு நிபந்தனை: அந்த நிலையத்தில் தெருவிலிருந்து நடைமேடை வரை லிஃப்ட் இருக்க வேண்டும், அது ஓட வேண்டும். நிலையத்தின் பெயரைப் போட்டு லிஃப்ட் பழுது என்று ஏதாவது அறிவிப்பு இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். லிஃப்ட் நின்றுவிட்டால் உங்கள் பதினைந்து நிமிடம் அந்த அம்மாவுக்கு எட்டாத தூரம். நடந்து போகிற வழியில் பழுதாக ஒன்றும் இல்லை.

தாமரைத்தண்டு:
எல்லோருக்கும் நன்றி. இரவுப்பணி அண்ணா எழுதச் சொன்னபடியே நடு ஹோட்டலுக்கு எழுதினேன். உள்முற்றத்தைப் பார்த்த அறை இருக்கிறதாம், நான்காவது மாடி, இடைக்கதவு இல்லை. ஜன்னல் இரட்டைக் கண்ணாடி என்றார்கள். கடைசிநிறுத்தம் சொன்ன மாதிரி ஹோட்டலும் ஒன்று கண்ணில் பட்டது, ஆனால் அந்த நிலையத்தில் நடைமேடைக்குப் படிக்கட்டு மட்டும்தான். அதனால் நடு ஹோட்டலையே எடுக்கிறேன். அம்மாவிடம் கேட்டதற்கு "மதியம் படுக்க இடம் இருந்தால் போதும்" என்றார்.

கடைசிநிறுத்தம்:
உங்கள் அம்மா முடிவு செய்துவிட்டார், நான் இனி வாதாடவில்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் குளியலறையைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்: குளிக்கிற இடம் தரையோடு சமமாக இருக்கிறதா, இல்லை தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்து இறங்க வேண்டுமா? பழைய கட்டடங்களில் பெரும்பாலும் தொட்டிதான் இருக்கும். கைப்பிடி இருக்கிறதா என்றும் கேட்டு, முடிந்தால் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள்.