மிஷன்: தமிழில் எதை இடுவது?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
குழுவினருக்கு வணக்கம். இறையியல் மாணவர்களுக்கான வரலாற்றுப் பாடம் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். லூத்தர், கால்வின் முதலிய 16ஆம் நூற்றாண்டுத் திருச்சபைச் சீர்திருத்தர்களிடம் மிஷன் செயல் மட்டுமன்று, மிஷன் என்ற எண்ணமே இல்லை என்பது ஜெர்மானிய அறிஞர் குஸ்தாவ் வார்னெக்கின் தீர்ப்பு. இங்கே மிஷனுக்கு மறைபரப்பு, அருட்பணி, நற்செய்திப்பணி ஆகியவற்றுள் எது தகும்?

தமிழாசிரியர்:
இலத்தீன் 'மிஸ்ஸியோ' அனுப்புதலைக் குறிப்பது. 'ஓதல் பகையே தூதிவை பிரிவே' என்ற தொல்காப்பியமும், தூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரும் நமக்கிருக்க, 'திருத்தூது' என்பதில் என்ன தடை?

வேர்ச்சொல் ஆர்வலர்:
தூது வடசொல் என்பாருமுண்டு, ஐயா. உரோமப் படையில் 'மிஸ்ஸியோ' என்பது பணி முடித்த வீரனை விடுவிப்பதையும் குறித்தது. நம் 'விடு' என்பதும் அப்படியே: தூது விடுகிறோம், சிறையிலிருந்தும் விடுகிறோம். விடை, விடுப்பு, வீடு எல்லாம் அதன் கிளைகளே. 'விடைப்பணி' எனலாம்.

வரலாற்று விரிவுரையாளர்:
'விடைப்பணி' என்றால் என் மாணவர்கள் விடைத்தாள் திருத்துவதாகவே கொள்வார்கள். திருத்தூதில் வேறோர் இடர் உண்டு. எல்லா நாட்டினரிடமும் போகச் சொன்ன இயேசுவின் கட்டளை அவருடைய முதல் சீடர்களான அப்போஸ்தலர்களோடு முடிந்தது என்று 17ஆம் நூற்றாண்டு லூத்தரன் இறையியலார் பலர் வாதிட்டனர். அப்போஸ்தலரையே நாம் திருத்தூதர் என்பதால், அச்சொல்லை இட்டால் வழக்கைச் சொல்லே அவர்கள் பக்கம் தீர்த்துவிடும்.
என் எண்ணத்தில் இச்சர்ச்சை நம் தன்வினை பிறவினைக்குள் அடங்குகிறது. நீரில் எறிந்த கல் எழுப்பும் அலைபோல நற்செய்தி விரிந்துகொண்டே போகும் என்றார் லூத்தர்; அது பரவுதல். வார்னெக் தேடியதோ ஆளனுப்பிப் பரப்புதல். ஜெர்மானிய இறையியலார் கார்ல் ஹோல் போன்றோர் லூத்தருக்காக வாதாடியபோது, பரவுதலையும் மிஷனாகக் கொள்ள வேண்டும் என்றே கேட்டனர். எனவே வார்னெக் வாக்கியத்தில் 'மறைபரப்பு', ஹோல் வாக்கியத்தில் 'மறைபரவல்' என இடலாம்.

தமிழாசிரியர்:
பரவுதல் என்றால் போற்றுதல் என்றும் பொருளுண்டு. 'மறைபரவல்' எனக் கண்டால் எனக்குத் தேவாரமே நினைவுக்கு வரும்.

வேறோர் உறுப்பினர்:
ஜெனீவாவிலிருந்து 1556இல் இரு போதகர்கள் பிரேசிலிலிருந்த பிரெஞ்சுக் குடியிருப்புக்குப் புறப்பட்டனர். குடியேறிகளுக்கு ஊழியம் செய்யப் போனார்களா, அங்குள்ள பழங்குடியினரிடம் போனார்களா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. அது பரப்பா, பரவலா? சொல்லை இரண்டாக்கினால் இங்கு மொழிபெயர்ப்பாளர் நீதிபதியாக வேண்டியிருக்கும். மேலும் 'மிஸ்ஸியோ' என்பதை இப்பொருளில் வழக்கப்படுத்தியவர்கள் லூத்தருக்குப் பகைவரான இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர். லூத்தர் ஆளாத சொல்லால் அவரை அளக்கிறோம் என்பதை மாணவர் உணர வேண்டுமானால், 'மிஷன்' என்றே விடுவதுதான் நேர்மை. 1706இல் லூத்தரன் போதகர் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கிய பின் வளர்ந்த பணியையும் நம்மவர் மிஷன் என்றுதானே சொல்கிறார்கள்?

மொழிபெயர்ப்பாளர்:
நன்றி. நால்வர் மறைபரப்புக்கு இசைகிறார்கள். ஒருவர் அதைக் கத்தோலிக்க வழக்கு என்று தனிமடலில் கடிந்துள்ளார். நாளை அச்சகத்துக்கு 'மறைபரப்பு' போகிறது. முதல் வருகையில் மட்டும் பக்கத்தில் 'மிஷன்' நிற்கும்.

தமிழாசிரியர்:
திருத்தூதை நான் விடுவதாக இல்லை.

வேர்ச்சொல் ஆர்வலர்:
பாருங்கள், மீண்டும் 'விடு'.